புதன்கிழமை சாரும் கேப்டனும்

அவரைக் கேப்டன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கப்பலும் கிடையாது, படையும் கிடையாது. நகரத்தின் விலையுயர்ந்த சீன உணவகம் ஒன்றில் பரிமாறுகிறவர்களுக்கு மேலே, மேலாளருக்குக் கீழே ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் நிற்பவருக்குத் தொழில் வைத்த பெயர் அது. நிற்பவர் என்று சும்மா சொல்லவில்லை. வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டிலும் தொலைக்காட்சியை நின்றபடிதான் பார்ப்பார். "உக்காந்து பாருங்க, யாரும் டிக்கெட் கேக்க மாட்டாங்க" என்று மனைவி சொன்னால் உட்காருவார். விளம்பரம் வந்ததும் எழுந்துவிடுவார்.

அவர் வேலை செய்யும் கூடத்தில் வட்ட மேசைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் சுழலும் கண்ணாடித் தட்டு. அந்தத் தட்டு சுற்றும் வேகத்தை வைத்தே எந்தக் குடும்பத்தில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதைச் சொல்லிவிடுவார். முழு வாத்தை விருந்தாளிகள் முன்னால் வைத்து, தோல் கலையாமல் வெட்டுவது அவர் பொறுப்பு. ஆனால் அந்த வாத்தைச் சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டால் சிரிப்பார். பணியாளர்களுக்கு முட்டையும் சோறும்தான். வேறு பெரிய உணவகத்துக்குக் குடும்பத்தோடு சாப்பிடப் போனதும் கிடையாது. பஸ் ஓட்டுகிறவன் லீவு நாளில் பஸ்ஸில் ஊர் சுற்றுவானா என்பது அவர் கட்சி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்திருந்தார். செருப்புக் கடையில் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்த சந்தோஷத்தில், "சார், நேத்து நண்டு எப்படி இருந்துச்சு?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டார். அந்த மனிதருடன் நின்றது அவருடைய மேலதிகாரி. முந்தின நாள் வயிற்றுவலி என்று அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தவருக்கு நண்டு எப்படி இருந்திருக்கும்? அதன்பிறகு அந்த வாடிக்கையாளர் உணவகப் பக்கமே தலைகாட்டவில்லை. முதலாளி கேப்டனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை, ஒரு வரிதான் சொன்னார். "நம்ம வாசலுக்கு வெளியில உனக்குக் கண்ணு கிடையாது. அவங்களா பார்த்துச் சிரிச்சா சிரி. இல்லேன்னா சுவத்தைப் பாரு."

அன்றிலிருந்து கேப்டன் சுவரைப் பார்க்கிறார். சந்தையில், பஸ் நிறுத்தத்தில், மருத்துவமனை லிஃப்டில், எங்கே எந்த வாடிக்கையாளர் எதிரே வந்தாலும் அவர் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். சில மனைவிமார்கள் உணவகத்துக்குத் தொலைபேசி செய்து, "எங்க வீட்டுக்காரர் அங்க வந்தாரா?" என்று கேட்பதுண்டு. "நிறையப் பேர் வர்றாங்கம்மா, கவனிக்கல" என்பதுதான் பதில். கணவன்மார்கள் கேட்டாலும் அதே பதில்தான். அந்த விஷயத்தில் அவர் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை.

வாடிக்கையாளர்களின் சொந்தப் பெயர்கள் வாசலோடு சரி. சமையலறைக்குள் அவர்களுக்கு வேறு பெயர்கள் உண்டு. சூப்பைத் திருப்பி அனுப்பும் அம்மாள் 'ஆறிப்போச்சு'. வருகிற போதெல்லாம் அடுத்த மாதம் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஜோடி 'அடுத்த மாசம்'. வாரா வாரம் புதன்கிழமை மதியம் தனியாக வந்து, ஜன்னலோரத்துச் சின்ன மேசையில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் தன் கைப்பையை வைத்துவிட்டு வாத்து சாப்பிடும் கனத்த மனிதர் 'புதன்கிழமை சார்'.

"கேப்டன், இன்னிக்கு வாத்து எப்படி?"

"உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு சார்."

பல வருடங்களாக இருவருக்கும் இடையே நடந்த மொத்தப் பேச்சும் இவ்வளவுதான். முதல் துண்டை வாயில் போட்டதும் புதன்கிழமை சார் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணோடு மென்று முடிக்கும்வரை கேப்டன் அந்தப் பக்கம் யாரையும் போக விடமாட்டார். அவரைக் கேப்டனுக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது. சாப்பாட்டைச் சாப்பாடாகச் சாப்பிடுகிறவர் அந்தக் கூடத்தில் குறைவு.

கேப்டனுக்கு ஒரே மகள். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். விழுந்து கை கால் முறிந்தவர்களை அதட்டி உருட்டி நடக்க வைப்பது வேலை. அந்த வேலைக்குத் தேவையான கோபம் அவளுக்குப் பிறவியிலேயே இருந்தது. பள்ளியில் ஒருத்தி, "உங்கப்பா எச்சித் தட்டு எடுக்கிறவர்தானே?" என்று கேட்டதற்கு, அவளுடைய டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக மைதானத்துக்கு அனுப்பி வைத்தவள். தலைமையாசிரியை முன்னால் கேப்டன் மன்னிப்புக் கேட்டார். மகள் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அந்த மகள் தன் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்யும் பையன் ஒருவனை விரும்பினாள். பையன் அமைதி. இவள் பேசினால் அவன் கேட்பான், இவள் கத்தினாலும் கேட்பான். ஃபோனில் அவனோடு பேசும்போது அவள் சிரிக்கிற சிரிப்பை, நின்றபடி தொலைக்காட்சி பார்க்கும் சாக்கில் கேப்டன் கேட்டிருக்கிறார். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவருக்கு அடி வயிற்றிலிருந்து ஆசை இருந்தது.

பையனின் அப்பா கட்டடப் பொறியாளர், வசதியான வீடு. இரண்டு குடும்பமும் சந்தித்துப் பேச, பையனின் அம்மா ஒரு ஜப்பானிய உணவகத்தில் ஞாயிறு மதியத்துக்கு இடம் பிடித்தார். அங்கேதான் எண்ணெய் இருக்காதாம். கிளம்பும்போது மகள் மூன்று விஷயம் சொன்னாள்.

"அப்பா, அங்க யாராவது கையைத் தூக்கினா நீங்க எழுந்து போகக் கூடாது. தட்டு அடுக்கக் கூடாது. அப்புறம், உங்க வேலையைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை எளக்காரமா பேசினாலும் இந்தக் கல்யாணம் கிடையாது. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எனக்காகவா நீ கட்டிக்கப் போற? அவங்க ஏதாவது பேசினா நான் பார்த்துக்கறேன்."

"நீங்க என்ன பார்ப்பீங்க? சுவத்தைப் பார்ப்பீங்க."

பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் அலறலைக் கேட்கிற கேப்டனின் மனைவி, இதற்கெல்லாம் அசையவில்லை. "ரெண்டு பேரும் வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு வாங்க, கல்யாணத்தை நான் முடிச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டே பூட்டை இழுத்துப் பார்த்தார்.

அந்த உணவகத்தில் செருப்பை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன கதவை ஒரு பெண் முழங்காலிட்டு நகர்த்தினாள். உள்ளே தாழ்ந்த மேசை, அதன் அடியில் காலைத் தொங்கவிட ஒரு பள்ளம். ஏற்கெனவே வந்திருந்த பையன் எழுந்தான், அவனுடைய அம்மா எழுந்தார், அப்பா பள்ளத்திலிருந்து காலை எடுக்கச் சிரமப்பட்டு மெல்ல எழுந்தார். எழுந்து நிமிர்ந்தவர் புதன்கிழமை சார்.

கேப்டனின் முகம் கழுவிய தட்டானது. புதன்கிழமை சாருடைய முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு கணம் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் சிரித்திருந்தால் கேப்டனும் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை. கையைக் கூப்பி, "வணக்கம்" என்றார், முன்பின் பார்த்தே இராதவரிடம் சொல்கிற வணக்கம். கேப்டனும் அதே மாதிரி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் தலைக்கு மேலே இருந்த சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு நாரையின் படம் இருந்தது.

"இவருக்கு வெளிச் சாப்பாடே ஆகாது" என்று பையனின் அம்மா ஆரம்பித்தார். "நெஞ்சுவலி வந்து டாக்டர் எச்சரிச்சதுலேர்ந்து வீட்ல உப்பு, எண்ணெய், இனிப்பு எதுவும் கிடையாது. வேகவச்ச காய், கஞ்சி. ஹோட்டல் வாசலை மிதிச்சே வருஷக்கணக்காச்சு. இன்னிக்குக் கூட நான் வற்புறுத்தித்தான் கூட்டிட்டு வந்தேன்."

"நல்ல பழக்கம்மா" என்றார் கேப்டன், நாரையிடம்.

சாப்பாடு வர ஆரம்பித்தது. தட்டு பெரிது, அதில் இருந்தது சிறிது. மூன்று துண்டு பச்சை மீன், பக்கத்தில் ஓர் இலை. இலையைச் சாப்பிடலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மெல்லுகிற சத்தம் வெளியே கேட்கிற அளவுக்கு அந்த அறை நிசப்தமாக இருந்தது. முழங்காலிட்ட பெண் தேநீர் ஊற்றியபோது கேப்டனின் கை பழக்க தோஷத்தில் மேசையை இரண்டு விரலால் தட்டியது. அவருடைய கூடத்தில் சீன வாடிக்கையாளர்கள் தேநீர் ஊற்றுகிறவருக்கு நன்றி சொல்வது அப்படித்தான். இது ஜப்பானிய உணவகம். அந்தப் பெண் ஏதோ குறை என்று நினைத்து வேறு கோப்பை கொண்டுவந்தாள். அவர் மறுபடி நன்றி சொன்னார். அவள் இன்னொரு கோப்பை கொண்டுவந்தாள். கேப்டன் முன்னால் கோப்பைகள் சேர ஆரம்பித்ததும் மகள் மேசைக்கு அடியில் ஓர் உதை விட்டாள். பள்ளம் ஆழமாக இருந்ததால் அது பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் காலை மட்டும் மடக்கிக்கொண்டான்.

கேப்டனின் மனைவி, கல்யாணத்தை முடிக்கும் வேலையில் இறங்கினார். கணவர் வேலை செய்யும் உணவகத்தின் பெயரைச் சொல்லி, "ஊர்ல பெரிய மனுஷங்க எல்லாம் அங்கதான் வருவாங்க" என்றார். புதன்கிழமை சாருக்குப் புரை ஏறியது.

"அப்படியா! அங்க என்ன வேலை உங்களுக்கு?" என்று பையனின் அம்மா உண்மையான ஆர்வத்தோடு கேப்டனிடம் திரும்பினார். "எப்படிப்பட்ட ஆளுங்கல்லாம் வருவாங்க? நீங்கதான் கிட்ட நின்னு பரிமாறுவீங்களா?"

"வேலையைப் பத்தியெல்லாம் இப்ப எதுக்கு?" என்று புதன்கிழமை சார் வெட்டினார்.

மகளின் சாப்பாட்டுக் குச்சி பாதி வழியில் நின்றது. பையன் அவளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், இலையைச் சாப்பிட்டான்.

"எதுக்குன்னா? சம்பந்தம் பேச வந்த இடத்துல என்ன வேலைன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார் அவருடைய மனைவி. "அதோட, நிச்சயதார்த்த விருந்தை இவங்க ஹோட்டல்லயே வச்சுக்கலாமே. தெரிஞ்ச இடமா இருக்கும்."

"அங்க வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். அந்த இடம் நமக்குச் சரிப்படாது."

கேப்டனுக்கு அந்த மனிதரின் நிலை பளிச்சென்று புரிந்தது. அந்தக் கூடத்துக்குள் அவர் மனைவியோடு காலை வைத்தால் வாசலில் கதவைத் திறக்கிறவனிலிருந்து மீன் தொட்டி கழுவுகிறவன்வரை எல்லாரும் வணக்கம் சொல்வார்கள். ஆனால் இது கேப்டனுக்குப் புரிந்து என்ன பயன்? அவருடைய மகளுக்கு வேறு ஒன்று புரிந்துவிட்டது. அவள் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், அந்த இடம் சரிப்படலையா, எங்கப்பா அங்க பரிமாறுறது சரிப்படலையா? வந்ததுலேர்ந்து அவர் முகத்தை ஒருதடவைகூட நீங்க பார்க்கல. ஒரு வார்த்தை பேசல. பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க." பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். "அப்பா, அம்மா, வாங்க போகலாம்."

பையன் முதல் முறையாக வாயைத் திறந்து, "கொஞ்சம் உக்காரு" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று கேப்டனுக்குத் தெரியும்.

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் போதும், மகள் உட்கார்ந்துவிடுவாள். அந்த வாக்கியம் கேப்டனின் தொண்டைவரை வந்து நின்றது. எதிரே புதன்கிழமை சார் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது மூடுகிற கண், இப்போது இமைக்கக்கூட இல்லை. இத்தனை வருடம் வேலை செய்து கேப்டன் சேர்த்து வைத்த மரியாதை என்று ஒன்று உண்டென்றால் அது அந்த மூடிய வாய்தான். ஆனால் மகளைவிட எந்த மரியாதை பெரிது? கடைசியில் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்.

"உக்காரும்மா. சார் அப்படிப்பட்டவர் இல்ல."

"இவர் எப்படிப்பட்டவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பையனின் அம்மா கேட்டார்.

இத்தனை காலத்தில் அவர் செய்த இரண்டாவது தப்பு. நாரையும் கைவிட்டுவிட்டது. கேப்டனின் மனைவி கணவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கழுவிய தட்டு. அந்தத் தட்டு எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியுமாதலால், "ஐயையோ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

"அவரைக் கேக்காதே. நான் சொல்றேன்" என்றார் புதன்கிழமை சார். வியர்த்திருந்தது. "புதன்கிழமை சைட்ல மீட்டிங்னு சொல்லுவேன்ல, மீட்டிங் எல்லாம் ஒண்ணும் இல்ல. இவர் ஹோட்டலுக்குத்தான் போவேன். வருஷக்கணக்கா இவர் கையாலதான் சாப்பிடறேன். இந்தப் பொண்ணு இவ்வளவு பேசியும் மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கல. அம்மா, நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. உங்கப்பா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான்."

கடைசி வாக்கியங்கள் மகளுக்குச் சொன்னவை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஆனால் பையனின் அம்மா அதை எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கணவரை விட்டுவிட்டுக் கேப்டனையே பார்த்தார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"நீங்க சொல்லுங்க. இவர் யார்கூட வருவார்?"

தொலைபேசியில் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் தொலைபேசியில் முகம் தெரியாது. எதிரே இருந்த முகத்தில் கோபமே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமலே அவர் நெடுநாள் காலம் தள்ளியிருக்கிறார் என்பது கேப்டனுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் புதன்கிழமை சாரைப் பார்த்தார்.

"சொல்லுங்க கேப்டன்" என்றார் அவர்.

"தனியாத்தாம்மா வருவார்."

"தனியாவா?"

"ஜன்னலோரத்துல சின்ன மேசை. எதிர் நாற்காலியில அவர் பைதான் உக்காந்திருக்கும்."

"அப்ப அந்த செண்ட்டு? புதன்கிழமை ஆனா சட்டையெல்லாம் செண்ட்டு வாசனை அடிக்குமே?"

"பூண்டு வாசனை போறதுக்கு" என்றார் அவர் கணவர், மேசையைப் பார்த்தபடி.

முழங்காலிட்ட பெண் உள்ளே வந்து எல்லாருக்கும் சுடு துண்டு வைத்துவிட்டுப் போனாள். கை துடைக்க வைத்தது. பையனின் அம்மா அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. துண்டை எடுத்தபோது இரண்டும் இருந்தது.

"மூக்கும் முழியுமா ஒருத்தி இருக்கான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா. அவளுக்கு எந்தப் புடவை நல்லா இருக்கும்னு வரைக்கும் யோசிச்சிட்டேன். ராத்திரி தூக்கம் கிடையாது எனக்கு." கேப்டனிடம் திரும்பினார். "என்னதான் சாப்பிடுவார் அங்க?"

"வாத்தும்மா."

"வாத்தா?"

"வாத்துதாம்மா."

அவர் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். நெஞ்சுவலி வந்த மனிதரைப் பார்க்கிற பார்வையும் அதில் இருந்தது, வேறு ஒன்றும் இருந்தது. "என்கிட்ட சொல்லியிருந்தா கொன்னா போட்டிருப்பேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்கிற அளவுக்குக் கணவருக்கு விவரம் இருந்தது. "உன்கூட உக்காந்து சாப்பிட எனக்கும் ஆசைதான்" என்று மட்டும் சொன்னார்.

மகள் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் முறையாக, "சாரி அங்கிள்" என்றாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடைந்த கைகளைப் பிடித்துப் பழகிய பிடி. கேப்டனுக்கு வலித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

பையனின் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, குச்சியைக் கையில் எடுத்தார்.

"எண்ணெய் இல்லாத வாத்து இருக்கா உங்ககிட்ட?"

"இல்லம்மா."

"சரி, எண்ணெயோடவே இருக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவைதான், அதுக்கு மேல கிடையாது." இது கணவருக்கு. பிறகு கேப்டனிடம் கேட்டார். "வர்ற புதன்கிழமை மத்தியானம் ரெண்டு பேருக்கு இடம் கிடைக்குமா?"

"கிடைக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியையும் கேப்டன் தொழில் முறைப்படியே கேட்டார். "எந்தப் பேர்ல போடட்டும்?"

"சம்பந்தின்னு போடுங்க."